இருபத்தோராம் கேள்வி

எண்பலகையில் இருந்த மூன்று அழிந்து பதினான்கு தோன்றியபோது, சிந்துஜாவின் கையில் பாதி கடித்த முட்டை பப்ஸ் இருந்தது.

கல்லூரிக்கு எதிரே உள்ள பேக்கரியில் அத்தனை பேச்சும் ஒரே சமயத்தில் நின்றது. பேக்கரிக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சாலை நடுவே, கம்பத்தின் உச்சியில், அதே பதினான்கு.

"போர்டு ரிப்பேராட்டம் இருக்குதுங்க," என்றார் பொதுவாக.

ரிப்பேர் இல்லை. மறு நொடியே கடைக்குள் இருந்த விலைத்திரைகள் ஒவ்வொன்றாக அணைந்து எரிந்தன. தேங்காய் பன், வர்க்கி, பால் பாக்கெட், எல்லாவற்றின் விலையும் அவர்கள் கண்முன்னே கூடியது. அடுத்த அரையாண்டில் விலைவாசி நூற்றுக்கு எவ்வளவு ஏறும் என்று சொல்வதுதான் எண்பலகையின் வேலை. அது சொல்வதைப் பார்த்துத்தான் நாட்டின் எல்லா விலைத்திரைகளும் தாமாக மாறும். கூலி, பஸ் கட்டணம், வங்கி வட்டி எல்லாம் அதன் பின்னாலேயே ஓடும். எட்டு வருடங்களாக அந்த எண் இரண்டுக்குக் கீழே இறங்கியதில்லை, நான்கைத் தாண்டியதும் இல்லை.

பக்கத்தில் நின்ற தோழி அஃப்ரின் சிந்துஜாவின் முழங்கையைப் பற்றினாள்.

"ஏண்டி... பதினாலு."

"பேசாதே."

"பதினாலுடி! நீ பஸ்ஸுல சொன்ன அதே..."

"அஃப்ரின், வாயை மூடுறியா!"

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். சிந்துஜா பப்ஸை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள். நடக்கிறோமா ஓடுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

எண்ணைக் கணிக்கிற பொறியின் பெயர் பொதுமதி. உண்மையில் அதற்கு விலைவாசி பற்றி ஒன்றும் தெரியாது. லட்சக்கணக்கான விடைத்தாள்களைப் படித்து, நடுவில் எது நிற்கிறது என்று பார்ப்பதும், சொன்னது நடந்ததா என்று ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்வதும்தான் அது செய்யும். கல்லூரியில் முதலாண்டு படிக்கிற எல்லோரும், தாவரவியலோ தமிழோ எதைப் படித்தாலும் சரி, வருடத்துக்கு இரண்டு முறை பேரியல் பொருளாதாரம் முதல் தாள் எழுதியாக வேண்டும். அதில் இருபத்தோராம் கேள்வி மட்டும் மாறவே மாறாது: 'அடுத்த அரையாண்டில் விலைவாசி எவ்வளவு ஏறும்? காரணம் கூறுக.'

ஏன் முதலாண்டு மாணவர்கள்? பொறியைக் கட்டியவர்களின் கண்டுபிடிப்பே அதுதான். நிபுணர்கள் எல்லோரும் ஒரே கட்டுரைகளைப் படிக்கிறார்கள், ஒரே கருத்தரங்கில் காபி குடிக்கிறார்கள். தவறினால் மொத்தமாக ஒரே பக்கம் தவறுகிறார்கள். ஒன்றுமே தெரியாதவர்களைக் கேட்டால் நேற்று வாங்கிய தக்காளியின் விலையைச் சொல்கிறார்கள். முதலாண்டு மாணவருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருத்தி கூட்டிச் சொல்வாள், இன்னொருவன் குறைத்துச் சொல்வான். தப்புகள் தமக்குள் அடித்துக்கொண்டு ஒழிய, நடுவில் உண்மை மிஞ்சும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் தனியாக யோசிக்க வேண்டும். அதற்காகவே தனிச்சிந்தனைச் சட்டம் வந்தது. கைடு அச்சடித்தால் சிறை. நோட்ஸ் பரப்பினால் சிறை. பரீட்சைக்கு முன்னால் எழுத்தில் எது ஒன்று இரண்டு பேரிடம் ஒரே மாதிரி இருந்தாலும் நகல்வலை என்ற ஏற்பாடு மோப்பம் பிடித்துவிடும்.

ஆனால் பரீட்சைக்குப் போகிற பஸ்ஸில், நன்றாகப் படித்த ஒருத்தியைச் சூழ்ந்துகொண்டு, 'கதையாட்டம் சொல்லுடி, கேட்டுட்டுப் போய் எழுதிடறோம்' என்று கெஞ்சுகிற நம் ஊர் வழக்கம், பொறியைக் கட்டியவர்களின் நினைவுக்கு வரவில்லை.

பரீட்சை அன்று அவிநாசி சாலையில் லாரி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது. பஸ் நகரவில்லை. அஃப்ரின்தான் ஆரம்பித்தாள். "எனக்கு நாலாவது யூனிட்டு சுத்தமாத் தெரியாதுடி. இந்த எதிர்பார்ப்பு எதிர்பார்ப்புனு ஒண்ணு வருதே, அது என்ன எழவு?"

சிந்துஜாவுக்குச் சொல்லிக் கொடுப்பது பிடிக்கும். சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு வந்துவிடும். "அடுத்த வருஷம் வெலைவாசி ஏறும்னு அரிசிக்கடைக்காரரு நினைக்கிறாருன்னு வெச்சுக்கங்க. என்ன பண்ணுவாரு? இன்னிக்கே மூட்டையை உள்ள தள்ளிப் பூட்டிக்குவாரு. வேலைக்காரங்க என்ன பண்ணுவாங்க? கூலியை ஏத்திக் கேப்பாங்க. எல்லாரும் இப்படிப் பண்ணுனா வெலை நெசமாவே ஏறிடும். ஏறும்னு நினைச்சதாலயே ஏறிடுச்சு. அவ்வளவுதான் நாலாவது யூனிட்டு."

"எத்தனைன்னு போடறது?" என்று பின்சீட்டிலிருந்து எவனோ கேட்டான்.

எடுத்துக்காட்டுக்கு ஏதாவது ஒரு எண் வேண்டியிருந்தது. பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே தட எண் எரிந்துகொண்டிருந்தது. "பதினாலுன்னு வெச்சுக்கங்க," என்றாள் சிந்துஜா. பதினான்கை வைத்துக் காரணம், விளைவு, முடிவுரை எல்லாம் அழகாகச் சொன்னாள். பின்சீட்டுக்காரன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தது அவளுக்குத் தெரியாது. லாரியைத் தூக்கி நிமிர்த்துவதற்குள் அந்தக் குரல் சேலம், மதுரை, நாகர்கோவில் என்று போய்விட்டது. மாநில எல்லைகளையும் தாண்டியது. 'ஒரு அக்கா சொல்றாங்க, செம கிளியர், இதையே எழுதிடுங்க.'

பத்தில் ஒன்பது பேர் அதையே எழுதினார்கள்.

பலகை மாறிய அன்று சாயங்காலம் அப்பாவின் அழைப்பு வந்தது. அப்பா சென்னியப்பன் ஊரில் நூல் மில்லில் ஃபிட்டர். சிந்துஜா விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து எடுத்தாள்.

"அம்மிணி, போர்டைப் பாத்தியா? மொதலாளி கிறுக்குப் புடிச்சவராட்டம் பஞ்சு வாங்கித் தள்ளுறாரு. குடோன்ல எடமில்லாம மெஸ்ஸுக்குள்ள பஞ்சுப் பேலை அடுக்கிட்டாங்க. எங்களை நின்னுக்கிட்டே சாப்பிடச் சொல்லீட்டாங்க!" அப்பா சிரித்தார்.

"ஏனுங்கப்பா இத்தனை அவசரம்?"

"வெலை ஏறப் போவுதுல்ல கண்ணு. ஏறதுக்கு முன்னால வாங்கிப் போடோணும்ல?"

எல்லா மில்காரர்களும் ஏறுவதற்கு முன்னால் வாங்கினார்கள். அதனாலேயே பஞ்சு ஏறியது. பஞ்சு ஏறியதால் நூல் ஏறியது, நூலால் பனியன் ஏறியது. கூலி போதவில்லை என்று ஆட்கள் கேட்க, கூலி ஏறியது. மாதாமாதம் அப்பா இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, தான் பஸ்ஸில் சொன்ன கதை வரிசை தப்பாமல் நடப்பதைச் சிந்துஜா கேட்டுக்கொண்டிருந்தாள். அரிசிக்கடையில் மூட்டைகள் உள்ளே போயின. விடுதி மெஸ்ஸில் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த கணக்கு வாத்தியார் ஒருவர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை ஊர் ஊராக வீட்டுக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்ப்பதுபோல் சிந்துஜாவுக்குத் தோன்றியது.

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்றில் இருந்தது. எண்பலகையை நடத்துகிற விலை ஆணையம் அந்தக் குரலைத் தேடுகிறது என்ற செய்தி பரவியிருந்தது. குரல்நாடி என்று ஒரு கருவி. ஒரு மூச்சு கிடைத்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுமாம். கல்லூரி வாசலில் சாம்பல் நிற வேன் ஒன்று நிற்க ஆரம்பித்தது. சிந்துஜா பேசுவதைக் குறைத்தாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினாள். பொருளாதாரப் பேராசிரியர் ஞானதிரவியம் ஒருநாள் எரிச்சலாகி, "என்ன, வாய்க்குள்ள என்ன முத்தா வெச்சிருக்கே?" என்றார். வகுப்பு சிரித்தது. தொண்டை வலி என்று சைகை காட்டினாள். இரவில் தூக்கத்தில் பேசிவிடுவோமோ என்று துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு படுத்தாள்.

அஃப்ரின் மட்டும் கவலைப்படவில்லை. "கண்டுபிடிக்கிறதா இருந்தா இந்நேரம் தூக்கியிருப்பாங்கடி. போனது போச்சு, விடு."

அரையாண்டு முடிந்தது. உண்மையில் விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அரசு கணக்கெடுத்து அறிவித்தது. பதினான்கு. புள்ளி வைத்துச் சொல்வதற்குக்கூட மிச்சம் இல்லை.

மறுநாள் மத்தியானம் கல்லூரி முதல்வர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அறையில் முதல்வர் இல்லை. நரைத்த தலையும் கைத்தறிப் புடவையுமாக ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கழுத்து அட்டையில் 'உமையாள், விலை ஆணையம்' என்றிருந்தது.

"உட்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?"

சிந்துஜா உட்காரவில்லை.

"நான் இல்லீங்க மேடம்," என்றாள். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

உமையாள் மேசைமேல் இருந்த சின்னப் பெட்டியைத் தட்டினார். லாரி ஹாரன்களுக்கு நடுவே அவளுடைய குரல், அந்த மிதப்போடு கேட்டது: 'பதினாலுன்னு வெச்சுக்கங்க...'

"போர்டு மாறின ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சாச்சு. பேரு, ஊரு, அப்பா வேலை செய்யிற மில்லு எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏனுங்க மேடம் இத்தனை நாளாப் பிடிக்கலை?"

"பொதுமதி வேண்டாம்னு சொல்லிடுச்சு."

சிந்துஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

உமையாள் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா அது சொன்னதுக்கும் நடந்ததுக்கும் எப்பவும் அரைப் புள்ளி, கால் புள்ளி வித்தியாசம் இருக்கும். இந்தத் தடவை முதல் மாசத்துலருந்தே சுத்தமா இல்லை. லட்சம் பேரு தனித்தனியா யோசிச்சப்ப வராத துல்லியம், எல்லாரும் ஒருத்தி சொன்னதை எழுதினப்ப வந்துடுச்சு. பொறி அதைக் கத்துக்கிட்டது. இப்ப அதுக்கு அந்தக் குரல்தான் வேணும். வர்ற பரீட்சைக்கு முன்னால நீ மறுபடி சொல்லணும்."

"அது கணிப்பே இல்லீங்க மேடம்! போர்டுல போட்டதாலதான் நடந்துச்சு. நாலாவது யூனிட்டே அதுதானுங்களே!"

"எனக்குத் தெரியும்மா. பொறிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சொன்னது நடந்துச்சா, அவ்வளவுதான் அதுக்கு."

"பதினாலு பஸ் நம்பருங்க!"

"தெரியும்."

உமையாள் எதுவும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது என்று சிந்துஜா நினைத்தாள்.

"நீங்களே ஒரு எண்ணைச் சொல்லிடுங்க மேடம். ஆணையம் சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"அரசு சொன்னதை எந்தப் பிள்ளை பரீட்சையில எழுதும்? 'இது இம்பார்ட்டன்ட்'னு பஸ்ஸுல ஒரு அக்கா சொன்னாத்தான் எழுதும்." உமையாளின் உதட்டில் சிரிப்பு வருவதுபோல் வந்து போனது. "சொல்லு. எத்தனைன்னு சொல்லப் போறே?"

சிந்துஜா யோசித்தாள். அவளுக்கு ஒரு கணம் வெளிச்சம் தெரிந்தது. இது நல்லதற்குத்தானே! பழையபடி மூன்று என்று சொன்னால் போதும். எல்லோரும் மூன்று என்று எழுதுவார்கள், பலகை மூன்று காட்டும், எல்லாம் அடங்கிவிடும்.

"மூணு," என்றாள்.

"சொல்லலாம். அப்புறம் என்ன ஆகும்?"

கேட்டது பரீட்சைக் கேள்விபோலவே இருந்தது. சிந்துஜா ஐந்தாவது யூனிட்டை நினைவுக்குக் கொண்டுவந்தாள். வேகமாக ஏறிக்கொண்டிருக்கிற விலையைத் திடீரென்று பிடித்து நிறுத்தினால் என்ன ஆகும்? இன்னும் ஏறும் என்று நம்பி அதிக விலைக்குச் சரக்கு வாங்கி வைத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஏற்றிய கூலியைக் குறைக்க முடியாது, ஆளைத்தான் குறைப்பார்கள். 'வேலையின்மை பெருகும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மெஸ்ஸுக்குள் கூரைவரை அடுக்கியிருந்த பேல்களும், அவற்றுக்கு நடுவே தட்டை ஏந்தி நின்றுகொண்டு சாப்பிடுகிற அப்பாவும் அவள் கண்முன் வந்தார்கள்.

"மில்லை மூடிடுவாங்க," என்றாள் மெல்ல.

"நிறைய மில்லு."

"அப்ப... பதினாலே சொல்லட்டுங்களா?"

"சொல்லலாம். போன ஆறு மாசம் பட்டது மறுபடி ஒரு தடவை. அதுக்கடுத்த தடவையும் அதேதான். நிறுத்தறது இன்னும் கஷ்டமாகும்."

"எட்டு? நடுவுல எட்டுன்னா?"

"எட்டுன்னா என்ன ஆகும்?"

சிந்துஜாவுக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அவ்வளவு தூரம் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. "தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேளுங்க மேடம். நான் முதல் வருஷம். எனக்கு அம்பத்திரண்டு மார்க். பெரிய புரொபசருங்க, ஆராய்ச்சி பண்றவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல?"

உமையாள் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இருந்தாங்க. பொறி வந்த பிறகு அவங்களை யாரும் எதுவும் கேக்கலை. சரியா வர்றப்ப எதுக்குக் கேக்கணும்? ஒவ்வொரு துறையா மூடினாங்க. ரெண்டாம் தாளையும் எடுத்துட்டாங்க. அதிகம் படிச்சா விடையெல்லாம் ஒரே மாதிரி ஆயிடும், பொறி கெட்டுடும்னு சொன்னாங்க. உங்க ஞானதிரவியம் சாருக்கே முதல் தாளுக்கு மேல பாடம் எடுக்க அனுமதி இல்லை."

"நீங்க இருக்கீங்களே மேடம். ஆணையத்துல இருக்கீங்களே."

"நான் சேர்ந்தது கணினிப் பிரிவுல. பொருளாதாரம்னு நான் படிச்சது போன வருஷம் இந்த வேலைக்காக எழுதின முதல் தாள்தான்மா." உமையாள் அவளை நேராகப் பார்த்தார். அந்தக் கண்களில் இருந்ததை அடையாளம் காணச் சிந்துஜாவுக்குச் சிரமமே இருக்கவில்லை. ஆறு மாதமாகத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த பயம்தான் அது. "எனக்கு அம்பத்தெட்டு மார்க்."

இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் மில் நிற்குமா ஓடுமா என்பதை முடிவு செய்யப் போகிறவர்கள் இந்த அறையில் இருக்கிற இரண்டு பேர். அவர்களுக்கும் தெரியாது.

உமையாள் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "பேசும்மா."

சிந்துஜா விளக்கையே பார்த்தாள். எந்த எண்ணைச் சொன்னாலும் யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு அணையும். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அவள் எண்ணையே சொல்லாவிட்டால்? பிள்ளைகள் பழையபடி ஆளுக்கொரு அரைகுறையாகத் தனித்தனியாக யோசித்தால், தப்புகள் தப்புகளை அடித்துக்கொள்ளும். எது உண்மையோ அது வரும். அது எதுவாக இருந்தாலும், பஸ் நம்பராக இருக்காது.

"போன தடவை பதினாலுன்னு சொன்னது நான்தானுங்க," என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. "அது பஸ் நம்பர். சும்மா எடுத்துக்காட்டுக்குச் சொன்னேன். அடுத்து வெலை எவ்வளவு ஏறும்னு எனக்குத் தெரியாது. நெசமாவே தெரியாது. தயவுசெஞ்சு யாரும் என்னை நம்பி எழுதாதீங்க. நீங்களே யோசிச்சு எழுதுங்க."

விளக்கு அணைந்தது. ஆணையத்து அம்மாள் திட்டுவார், மறுபடி பேசச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். உமையாள் தாமாகவே அனுப்பு பொத்தானை அழுத்தினார்.

"நல்லா சொன்னே," என்றார்.

இரண்டு நாளில் அந்தக் குரல் போகாத இடம் இல்லை. இந்த முறை குரலுக்குச் சொந்தக்காரி யார் என்பதும் கூடவே போயிற்று. கல்லூரியில் அவளைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். யாரோ ஒருத்தி அவள் பேனாவை இரவல் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிந்துஜாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு அன்று பயம் கொஞ்சம் விலகியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

பரீட்சை மண்டபத்தில் இருபத்தோராம் கேள்விக்கு அவள் நிதானமாக யோசித்தாள். குடோன்கள் நிறைந்திருக்கின்றன, இனி வாங்குவது குறையும். ஆனால் கூலி ஏறியிருக்கிறது. அது உடனே இறங்காது. ஆறு என்று எழுதினாள். சரியா தப்பா என்று தெரியாது. தப்பாக இருந்தால் தன் அளவுக்கு மட்டும் தப்பு. அந்த நினைப்பே சுகமாக இருந்தது.

வெளியே வந்ததும் அஃப்ரின் ஓடிவந்து தோளில் கை போட்டாள். "செம ஈசிடி! கடைசிக் கேள்விக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை."

"எத்தனை போட்டே?"

"நீ சொன்னதைத்தான் போட்டேன்."

"நான் எண் எதுவும் சொல்லலையே."

"ஆமா. 'அடுத்து விலை எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. தயவுசெய்து யாரும் என்னை நம்பி எழுதாதீர்கள். நீங்களே யோசித்து எழுதுங்கள்.' எழுத்து நடையில மாத்தி எழுதிட்டேன். ஒரு வரி விடலை."

சிந்துஜா நின்றுவிட்டாள்.

"அதை எதுக்குடி எழுதினே? அது விடை இல்லைடி! உன்னை யோசிக்கத்தானே சொன்னேன்?"

"நீ சொன்னா சரியா இருக்கும்னுதான்டி. பதினாலு அச்சு அசலா வரலையா? ஏன், ஏதாச்சும் விட்டுட்டேனா? 'நிஜமாகவே'ங்கறது ரெண்டு தடவை வருமா?"

மண்டபத்திலிருந்து பிள்ளைகள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தார்கள். போகிற போக்கில் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஒருவன் உரக்கவே சொன்னான், "தேங்க்ஸ்க்கா! அப்படியே எழுதிட்டோம்!"

எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல் வந்தால் என்ன செய்வதென்று பொதுமதிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது பார்ப்பது ஒப்புமையை மட்டும். நாடு முழுவதும் இப்படியோர் ஒப்புமையை அது கண்டதே இல்லை. போன முறை பத்தில் ஒன்பது பேர். இந்த முறை அதற்கும் மேல்.

முடிவு வெளியான அன்று சிந்துஜா பேருந்து நிலையத்தில் நின்றிருந்தாள். எண்பலகையில் பதினான்கு அழிந்தது. சற்று நேரம் பலகை வெறுமையாக இருந்தது. பிறகு, இதுவரை எழுத்தே வந்திராத அந்தப் பலகையில், ஒரு சொல் வந்தது.

தெரியாது.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு பழக்கடையின் விலைத்திரை அணைந்தது. அடுத்த கடையிலும் அணைந்தது. வரிசையாக எல்லாம் அணைந்தன. பழக்காரர் சீப்பைக் கையில் தூக்கிவைத்தபடி, எவ்வளவு சொல்வது என்று தெரியாமல் வாங்க வந்தவரைப் பார்த்தார். வாங்க வந்தவர் எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் பழக்காரரைப் பார்த்தார். புறப்படத் தயாராக இருந்த பஸ்கள் கட்டணம் எவ்வளவு என்று தெரியாததால் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. எங்கோ ஒரு ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு தெரு முழுக்க.

கைப்பேசி அடித்தது. அப்பா.

"அம்மிணி." அவர் குரலில் சிரிப்பு இல்லை. பின்னால் எப்போதும் கேட்கும் மில் இரைச்சலும் இல்லை. "மிஷினெல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லீட்டாங்க கண்ணு. நூலை என்ன வெலைக்கு விக்கறதுன்னு மொதலாளிக்குத் தெரியலையாம். வீட்டுக்குப் போங்க, கூப்பிடறோம்னு சொல்றாங்க. எப்பன்னு கேட்டா, தெரியாதுங்கறாங்க."

"அப்பா..."

"நீ பொருளாதாரம் படிக்கிறவதானே. இனி என்ன ஆகும்? மறுபடி தொறப்பாங்களா, மாட்டாங்களா? நீ சொல்லு சாமி."

சிந்துஜா நிமிர்ந்து பார்த்தாள். பேருந்து நிலையம் முழுவதும் அவளை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. கூடையோடு நின்றவர்கள், புத்தகப் பையோடு நின்றவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், எல்லோரும் சத்தம் போடாமல் நெருங்கி வந்து நின்றார்கள். யாரும் கோபமாக இல்லை. அவர்கள் முகத்தில் இருந்தது நம்பிக்கை. அதைப் பார்க்கத்தான் அவளுக்குக் குலை நடுங்கியது.

"அம்மிணி? லைன்ல இருக்கியா?"

அப்பாவுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சுற்றிலும் இருந்த அத்தனை கைப்பேசிகளும் அவள் முகத்துக்கு நேரே உயர்ந்தன.